லியர் மன்னன்: மூலக்கதையும் நாடகமும்

மூலம் தேடுதல் என்பது புலவன் பட்ட கடனைக் கணக்கெடுத்தல் என்றே பலராலுங் கருதப்பட்டு வருகின்றது. அக்கருத்துக்கு இடமளித்தோர் ஆராய்ச்சியாளர் சிலரே. சார்லற் லெனொக்ஸ் என்னும் பெண்மணியார் 1753, 1754 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட நூல், சேக்ஸ்பியர் எடுத்தாண்ட கதைகளைத் தொகுத்துத் தந்ததோடு அமையாது, அவற்றுட் பலவற்றை அவர் கெடுத்துவிட்டார் எனவுந் தீர்ப்புக் கூறிற்று.

இவ்வாராய்ச்சியின் வேறொரு பயனை 1767 இல் ரிச்சாட் பாமர் காட்டினார். 'அந்தனியும் கிளியோபாத்திராவும்' என்னும் நாடகத்தில் 'லிடியா' என வரும் நாட்டுப்பெயரை, புளூட்டாக்கின் கிரேக்க நூலை நோக்கி 'லிபியா' எனத் திருத்த விரும்பினர் அறிஞர் சிலர். சேக்ஸ்பியர் கையிலிருந்தது கிரேக்க நூலன்று, 1579 இல் தோமஸ் நோத் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பே என்றும், அதில் 'லிடியா' என்றே உள்ளது என்றும் பாமர் எடுத்துக்காட்டினார். பிழையே மூலத்தைக் காட்டிக்கொடுத்தது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் கண்டோர் இதன் அருமையை நன்கறிவர்.

எனினும், பாடத்தைத் துணிதல் வேறு. நாடகத்தை மதித்தல் வேறு. பின்னதற்கு மூலவாராய்ச்சி உதவுமா என்பதற்கு 'லியர் மன்னன்' தக்க உரைகல்லாகும்.

முதுமையில் நாட்டைப் புதல்வியர் மூவருக்கும் பகிர்ந்தளிக்க எண்ணிய அரசனின் கதை, பன்னிரண்டாம் நூற்றாண்டிலே மொன்மத் ஊரினரான ஜெப்ரி இலத்தீனில் எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றிற் காணப்படுகின்றது. ஹொலின்ஷெட்டின் வரலாற்றேட்டிலும் ஸ்பென்சரின் காவியத்திலும் அது மீண்டும் வருகின்றது. இவையன்றி, ஆசிரியர் பெயர் அறியப்படாத நாடகமொன்றும் உண்டு. அது 1594 இல் இலண்டனில் நடிக்கப்பட்டு 1605 இல் அச்சேறியது. சேக்ஸ்பியரின் நாடகம் 1606 டிசெம்பர் 26 ஆந் திகதி அரசன் முன்னிலையில் நடிக்கப்பட்டது.

பழைய நாடகமே சிறந்தது என வாதித்தவர் சாமானியரல்லர். 1906 இல் வெளிவந்த தம் கட்டுரையொன்றிலே தோல்ஸ்தோய் அவ்வாறு எழுதினார். பழைய நாடகத்து மன்னன் அரசியை அண்மையில் இழந்தவன், ஆட்சியில் மனஞ்சலித்தவன். அன்பைச் சொல்லால் அளக்கும் சோதனைக்கும் அங்கே காரணம் உண்டு. தன் அன்பே பெரிதென இளையவள் சொல்லிவிட்டால், அச்சொல்லையே பிடியாகக் கொண்டு, தான் தெரிந்த மணமகனுக்கு அவளை இசைவித்துவிடலாம் என்பது கிழவனின் சூழ்ச்சி. சேக்ஸ்பியர் இக்காரணத்தை அகற்றிவிட்டமையால் மன்னன் செயல் இயல்புக்கு முரணாயிற்று என்பது தோல்ஸ்தோயின் குற்றச்சாட்டு. 1947 இல் ஓர்வெல் இதற்கு விடையிறுத்தார். ஆனால் அவர் தோல்ஸ்தோயின் உளப்பாங்கை ஆராய்வதிற் காட்டிய ஊக்கத்தை மூலநூல் ஒப்பீட்டிற் காட்டினாரல்லர்.

தோல்ஸ்தோய் கண்ட வேறுபாடு உண்மையே. அதற்கு அவர் கற்பித்த பொருளே பொருந்தாதது. சூழ்ச்சியொன்று பிழைத்தமையாற் கெட்ட மன்னன் இரங்கத்தக்கவன், அவ்வளவே. சேக்ஸ்பியரின் நாடகம் தொடங்கும்போதே நாட்டுப்பங்கீடு முடிவாகிவிட்டமை அமைச்சர் உரையாடலால் விளங்குகின்றது. ஆகவே சோதனை வெறுஞ் சடங்கு. தன் விருப்பம் மறுக்கப்படுதலை என்றும் அறியாத ஒருவன், புகழ்மொழி கேட்பதற்கென்றே நடத்தும் சடங்கு அது. காரணம் நீக்கப்படவில்லை, வெளியிலிருந்து மன்னனுக்குள்ளே மாற்றப்பட்டது. பழைய நாடகத்தில் மன்னனுக்குப் பித்துப் பிடிக்காமையும், சேக்ஸ்பியரிடத்து அவன் பித்தனாதலும் இம்மாற்றத்தின் விளைவேயாம்.

இதனினும் நுண்ணியது இடிமுழக்கத்தின் வரலாறு. பழைய நாடகத்திலே, மன்னனையும் அவன் துணைவன் பெரில்லசையும் கொல்லுதற்கு மூத்த புதல்வியரின் ஏவலாளன் ஒருவன் வருகின்றான். அவன் கத்தியை ஓங்கி நிற்கும்வேளை வானம் இடிக்கின்றது. நடுக்குற்ற கொலைஞனின் கையிலிருந்து கத்தி நழுவுகின்றது. கிழவர் இருவரும் பிழைக்கின்றனர். அங்கே இடி இறைவனின் குரல். கேட்ட உடனே பாவி அஞ்சுகின்றான். சேக்ஸ்பியர் கொலைஞனை நீக்கினார், இடியை நீக்கவில்லை. வெட்டவெளியில் வெறுந்தலையனாய் நிற்கும் மன்னன் இடியைக் கூவி அழைக்கின்றான். தீயோரைத் தண்டிக்குமாறு வேண்டுகின்றான். பின்னர் இடிக்குக் காரணம் யாதென்று வினவுகின்றான். மறுமொழி இல்லை. தீயோர் அரண்மனைக்குள்ளே கதவடைத்துக்கொண்டு சுகமாயிருக்க, மழை மன்னன் தலைமேலேயே பொழிகின்றது. பழைய நாடகத்தைப் படியாதவனும் இக்காட்சியில் உள்ளம் உருகுவான். ஆனால் அங்கே நீதி வழங்கிய இடியே இங்கே வாய் மூடிக்கொண்டது என்பது இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கியவனுக்கே புலனாகும்.

குளொஸ்ரர் பிரபுவின் கிளைக்கதை சிட்னியின் 'ஆர்கேடியா'விலிருந்து வந்தது. 1590 இல் வெளிவந்த அந்நூலிலே, கள்ளமகனால் விழியிழந்த அரசன், தன்னை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லுமாறு நல்ல மகனை வேண்டுகின்றான். அவன் வீழ்ந்து மாய எண்ணியதை அறிந்த மகன் மறுக்கின்றான். சேக்ஸ்பியரின் எட்கார் மறுப்பதில்லை. சமநிலத்தை மலையுச்சியெனச் சொல்லித் தந்தையை விழவிடுகின்றான். விசித்திரமான காட்சிதான், நகைப்புக்கும் துயருக்கும் இடையே கம்பிமேல் நடப்பது போன்றது. பித்தன் வேடத்தில் எட்கார் பிதற்றும் பேய்ப்பெயர்கள் பேயோட்டுவோரின் புரட்டைக் கண்டித்துச் சாமுவேல் ஹாஸ்நெற் 1603 இல் எழுதிய நூலிலிருந்து வந்தவை. பொய்ப்பேய்களின் பெயரைப் பொய்ப்பித்தனுக்கு ஈந்தது புலவனின் குறும்பு.

இனி, முடிவு. மேற்கூறிய பழைய நூல்கள் யாவற்றிலும் கோடீலியாவின் படை வெல்கின்றது. லியர் மீண்டும் அரியணை ஏறுகின்றான். அவன் இறந்தபின், உடன்பிறந்தாள் மக்களால் வெல்லப்பட்டுச் சிறையிற் கோடீலியா தன்னுயிர் மாய்த்தாள் என வரலாற்றேடுகள் கூறும். பழைய நாடகம் அத்துணைத் தூரம் செல்லாது மகிழ்ச்சியோடு நின்றுவிடும். முதனூலோடு முடிவில் உடன்பட்டு இடையிலே வேறுபடுவதை வழிநூல் என்பர் தமிழிலக்கண நூலார். சேக்ஸ்பியரோ முடிவிலேயே வேறுபட்டார்: படை தோற்கின்றது, கோடீலியா தூக்கிலிடப்படுகின்றாள், அவள் உடலைக் கையிலேந்தி மன்னன் வருகின்றான்.

நாகும் ரேற் 1681 இல் இம்முடிவை மாற்றி, லியருக்கு அரசையும் கோடீலியாவுக்கு எட்காரையும் அளித்தார். 1838 இல் மக்றீடி பழைய பாடத்தைப் பெரும்பாலும் மீட்கும்வரை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அத்திருத்தமே மேடையை ஆண்டது. ரேற்றைப் பழித்தல் எளிது. ஆனால் அவர் தந்த முடிவு, கோடீலியாவின் மணம் நீங்கலாக, மூலக்கதையின் முடிவே. 1606 இல் அந்நாடகத்தை முதலிற் கண்டோரிற் பழைய கதையறிந்தோர், பிரான்சியப் படை கரையிறங்கியதும் மன்னன் மீள்வான் என்றே காத்திருந்திருப்பர். அவர் அறிந்திருந்த கதை அவரைக் கைவிட்டது. தம் பதிப்பிலே ஜோன்சன், இளமையிற் கோடீலியாவின் சாவைப் படித்துத் திடுக்குற்றதாகவும், பதிப்பாசிரியராய்த் திருத்தவேண்டி நேரும்வரை இறுதிக் காட்சிகளை மீண்டும் படிக்கத் துணியவில்லை என்றும் 1765 இல் எழுதினார். பழைய கதையறிந்து அரங்கிலிருந்தோருக்கு அத்திடுக்கம் இருமடங்காய் இருந்திருத்தல் வேண்டும்.