ஒரே அழுக்கு, மூன்று முடிவுகள்

பல் துலக்காவிட்டால் ஈறு கெடும். இவ்வாக்கியத்தை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள்; தேர்விலும் எழுதியிருப்பீர்கள். இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. இதை விளங்கிக்கொள்ள, பல் மருத்துவ உலகில் பெயர்பெற்ற இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவை எதை நிறுவின, எதை நிறுவவில்லை என்று பார்ப்போம். நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும், ஓர் அளவீட்டிலிருந்து எவ்வளவு முடிவுக்கு வரலாம் என்னும் கேள்வி எல்லா அறிவியலுக்கும் பொதுவானதே.

முதற் கட்டுரை 1965-இல் வெளிவந்தது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை அது. நல்ல ஈறுகளையுடைய 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினர். பற்களின் மீது பாக்டீரியாப் படலம் படிந்தது. 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறுகள் அழற்சியுற்றன. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. காரணத்தைச் சேர்த்தால் விளைவு தோன்றுகிறது, நீக்கினால் மறைகிறது. சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆனால் இது ஈறழற்சி வரையில்தான். அழற்சி உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் நார்களையும் எலும்பையும் அரிப்பது அடுத்த கட்டம். அது எல்லோருக்கும் நேருமா? இதற்கு விடை தேடியது 1986-இல் வந்த இரண்டாம் கட்டுரை.

லோவின் குழு 1970-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்தது. வயது 14 முதல் 31 வரை. வழக்கமான முறையில் பல் துலக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. பல் மருத்துவ வசதியும் இல்லை. எல்லோருடைய பற்களிலும் படலமும் காரையும் மிகுந்திருந்தன, ஈறுகள் அழற்சியுற்றிருந்தன. 1985 வரை அவர்களைப் பின்தொடர்ந்து, ஈறும் நாரும் வேரைப் பற்றியிருக்கும் இடம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளந்தனர். 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றியது. 45 வயதில் சராசரி இறக்கம் சுமார் 13 மி.மீ. பல்லின் வேரே ஏறத்தாழ அவ்வளவு நீளந்தான்! 81 விழுக்காட்டினருக்கு அதே வயதில் சுமார் 7 மி.மீ. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு அழற்சியைத் தாண்டி நோய் வளரவே இல்லை.

அழுக்கு ஒன்று, முடிவுகள் மூன்று. அழுக்கு தேவையான காரணம். ஆனால் போதுமான காரணம் அன்று. நம் பாடநூல் வாக்கியத்தில் விடுபட்டது இதுதான்.

இனி இக்கட்டுரையின் குறைகளுக்கு வருவோம். முதலாவது, மூன்று பிரிவுகளும் விளைவைப் பார்த்தே வகுக்கப்பட்டவை. 'வேகமாக இழந்தவர்' என்று பெயர் சூட்டிவிட்டால், ஏன் இழந்தார் என்பது விளங்கிவிடாது. வகைப்படுத்தல் வேறு, விளக்கம் வேறு. இரண்டாவது, தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே. ஆய்விலோ ஒரு பெண்கூட இல்லை. மூன்றாவது, ஆண்டுகள் செல்லச் செல்லப் பலர் ஆய்விலிருந்து விடுபட்டனர். 2010-இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டவர்கள் 75 பேரே. விடுபட்டவர்களும் எஞ்சியவர்களைப் போன்றவர்களே என்று நாமாகக் கொள்ள முடியாது.

நான்காவது குறைதான் என்னை மிகவும் உறுத்துகிறது. கட்டுரையின் தலைப்பு இந்நோயின் 'இயற்கை வரலாறு' என்கிறது. பாக்டீரியா பெருகுவது இயற்கை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் தோட்டங்களில் பல் மருத்துவர் இல்லாமற்போனது இயற்கையா? அது மனிதர் செய்த ஏற்பாடு. அறிவியலுக்கு அரிய தகவல் கிடைத்தது. அதன் விலையைப் பற்களாகக் கொடுத்தவர்கள் அத்தொழிலாளர்கள்.

பள்ளி மாணவர்களுக்கு இதில் என்ன பாடம்? ஆய்வில் இருந்தவர்களில் இளையவர் 14 வயதினர். ஆகவே சிறு குழந்தைகளுக்கு இவ்வெண்களை அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் 2010-ஆம் ஆண்டுப் பரிசோதனையைச் சேர்த்து 2017-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று கூறுவதைக் கவனியுங்கள்: புகைப்பழக்கமும் பற்காரையும் நோயின் தொடக்கத்தோடு தொடர்புடையவை, 30 வயதில் சராசரி இறக்கம் 1.81 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், 60 வயதில் குறைந்தது 20 பற்களாவது எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகுதி. முதுமையின் பற்கள் இளமையிலேயே தீர்மானமாகின்றன.

எனவே இரு தவறுகளைத் தவிர்ப்போம். ஈறில் இரத்தம் கசியும் மாணவனைச் 'சோம்பேறி' என்று ஏசுவது ஒன்று. நீரிழிவும் பருவ வயதின் மாற்றங்களுங்கூட ஈறழற்சியை மிகுவிக்கும். 'பல் வெள்ளையாக இருக்கிறதே' என்று பேசாமல் இருந்துவிடுவது மற்றொன்று. பருவ வயதில் முதற் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் தாக்கும் ஒருவகை நோய், படலம் குறைவாக இருக்கும்போதே எலும்பை அரிப்பதுண்டு. அது குடும்ப வழியாகவும் தொடரக்கூடும்.

நாளைக் காலை பல் துலக்கித் துப்பும்போது எச்சிலின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால், நன்றாகத் துலக்கி இரு வாரம் கவனியுங்கள். அதன் பிறகும் நிற்கவில்லையானால், குற்றம் உங்களுடையது என்று வெட்கப்பட்டு மறைக்காமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் அந்த 11 விழுக்காட்டில் ஒருவரா, 8 விழுக்காட்டில் ஒருவரா என்பது கண்ணாடிக்குத் தெரியாது.