டால்பினுக்கும் மூக்குக்கும் நடுவே

சிராக்யூஸ் நகரத்து டெக்காட்ராக்ம் எனும் பத்து ட்ராக்மக் காசை ஒருமுறை படத்தில் பார்த்தவர்கூட அந்த முகத்தை எளிதில் மறப்பதில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் சிசிலித் தீவில் அடிக்கத் தொடங்கிய வெள்ளிக் காசு. எடை ஏறத்தாழ 43 கிராம். இலை சூடிய கூந்தல், செதுக்கி வைத்த மூக்கு, இதழோரத்தில் ததும்பும் இளமை, சுற்றிலும் துள்ளும் நான்கு டால்பின்கள். அச்சை வெட்டிய எவாய்னெட்டோஸ் தன் பெயரையும் சின்னஞ்சிறு எழுத்தில் அதிலேயே பொறித்துவைத்தார். கடல் கடந்த கார்த்தேஜ்காரர்களே இந்த முகத்தைப் பார்த்துத் தங்கள் காசில் வரைந்துகொண்டார்கள் என்றால், அழகைப் பற்றி நான் வேறென்ன சொல்ல!

ஆனால் இப்படிப்பட்ட இரண்டு காசுகளை அருகருகே வைத்து, ஒரே அச்சில் பிறந்தவையா என்று பார்க்கும்போது முகத்தைச் சற்றே மறக்க வேண்டும். அது மயக்கிவிடும். ஒவ்வோர் அச்சும் கையால் வெட்டியது. அதே கலைஞர் அதே முகத்தை மறுபடி வெட்டினாலும், ஒரே கை போட்ட இரண்டு கோலங்களைப் போல, எங்கோ ஒரு வளைவு விலகிப்போகும். அந்த விலகல் அகப்படுவது இடைவெளிகளில்தான். மூக்கு நுனியிலிருந்து கோடிழுத்தால் டால்பினின் வாலைத் தொடுகிறதா, வயிற்றைத் தொடுகிறதா? நெற்றிச் சுருள், காசில் பொறித்திருக்கும் ஊர்ப்பெயரின் எந்த எழுத்துக்கு நேரே முடிகிறது? பூதக்கண்ணாடியின் கீழே அந்த வெற்று வெள்ளிவெளி மெல்ல மெல்ல அழகாகிக்கொண்டே வரும். விளிம்பு கோணலாக இருக்கலாம், முகம் நடுவிலிருந்து நழுவியிருக்கலாம். அது அந்த வெள்ளித் துண்டின் தலையெழுத்து, அச்சின் குணமல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது கீறல். அச்சில் வெடிப்பு விழுந்தால் காசில் அது பள்ளமாக வராது. வெள்ளி அந்த வெடிப்புக்குள் புகுந்து, மெல்லிய மேட்டுக்கோடாக எழுந்து நிற்கும். ஒரு காசில் மயிரிழையாகத் தோன்றும் கோடு, இன்னொன்றில் தடித்து, மூன்றாவதில் கன்னம்வரை ஓடியிருந்தால், மூன்றும் எந்த வரிசையில் அடிபட்டன என்பது தெரிந்துவிடுகிறது. தேதியே போடாத காசுக்கு இதைவிட நாகரிகமான சாட்சி உண்டா? சந்தையில் கீறலில்லாத காசுக்கு மதிப்பு கூடுதலாக இருக்கலாம். இருக்கட்டும், என் ஓட்டு கீறலுக்கே.

காசைத் திருப்பினால் நாற்குதிரைத் தேர் பாய்கிறது; தேரோட்டிக்கு மாலையிட வெற்றித் தேவதை பறந்து வருகிறாள். இரு பக்கத்து அச்சுகளும் ஒன்றாகத் தேய்வதில்லை. பட்டடையில் பதிந்திருக்கும் அச்சு நெடுநாள் தாங்கும். சுத்தியலடியை நேரே வாங்கும் மேலச்சு சீக்கிரம் சிதையும், புதியது வரும். ஆகவே இரண்டு காசுகளில் ஒரு பக்கம் அச்சு அசலாகப் பொருந்தி, மறுபக்கம் மாறியிருக்கும். அந்தப் புதிய அச்சே பிறகு வேறொரு துணையோடு தென்படும். இப்படிக் கண்ணி கண்ணியாகக் கோத்துத்தான் பின்லாந்து அறிஞர் டூடேர், சிராக்யூஸ் கலைஞர்கள் கையெழுத்திட்ட நான்கு ட்ராக்மக் காசுகளை 1913-இல் வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் கிமோனும் வருகிறார். பக்கவாட்டு முகங்களே வழக்கமாயிருந்த ஊரில் நீரூற்றுத் தேவதை அரெத்தூசாவை நேர்முகமாக வெட்டியவர். அலையும் கூந்தலுக்கிடையே டால்பின்களை நீந்தவிட்டவர். அவருடைய அச்சுகளை ஒப்பிட உட்காருகிறவர்கள் கூந்தலிலிருந்து தொடங்கட்டும்: எந்த இழை எந்த டால்பினை மறைக்கிறது என்று.