பேரையூர்க் கரிசலின் குதிரைவாலி

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர், அங்கே நெல். மதுரைக்குத் தென்மேற்கே, டி.கல்லுப்பட்டி தாண்டிப் பேரையூர் போனால் மானாவாரிக் கரிசல், அங்கேதான் குதிரைவாலி. ஐப்பசி மழையைக் குடித்துவைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கதிருக்கு ஈரம் கொடுக்கிற மண் அது. அதனால் மணி பால் பிடித்து நன்றாக முற்றுகிறது. சீக்கிரம் காயும் செம்மண்ணில் மழை தவறினால் சாவிதான் மிஞ்சும். அறுப்பில் மழை பிடித்தாலோ மணி கறுத்து, சோற்றில் பூசண வாடை அடிக்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்த மணியை அள்ளினால் விரலிடுக்கில் வழுக்கி ஓடும். வடித்தால் உதிரி உதிரியாகச் சோறு. மொச்சைக் குழம்புக்கு அதைவிட ஏற்றது எனக்குத் தெரியவில்லை. மதுரை வேளாண்மைக் கல்லூரியே எம்.டி.யு. 1 என்று ஒரு குதிரைவாலி ரகம் தந்திருக்கிறது. ஆனாலும் ரகத்தோடு மண்ணையும் பார்க்க வேண்டும். அடுத்த முறை குதிரைவாலி வாங்கும்போது, எந்த ஊர்த் தவசம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.