குலுக்கியது யார்?

கல்லூரி ஆய்வகத்தில் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த பின்பாலில் நான் தொலைத்த மணி நேரங்களுக்குக் கணக்கில்லை. அசல் பின்பால் மெஷினைத் தொட்டது, வேலைக்காக அமெரிக்கா போனபோதுதான். சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1971இல் வெளியிட்ட ‘கிளாண்டைக்’. தங்கம் தேடிப் போனவர்களின் கதையைச் சொல்லும் மெஷின்.

உள்ளே சிப் கிடையாது. ரிலே, காந்தச் சுருள், மோட்டார், கட்டுக்கட்டாக ஒயர். பந்து இலக்கில் பட்டால் சுவிட்ச் மூடும், சுருள் இழுக்கும், எண் உருளை ‘டக்’கென்று ஒரு படி நகரும். நான் கோடில் வேரியபிள் என்று எழுதுவது இங்கே கண்ணெதிரே சுழலும் சக்கரம். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. கதைதான் இடித்தது.

1896இல் கனடாவின் கிளாண்டைக்கில் தங்கம் கிடைத்ததும் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். தங்கம் கண்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர்தான். மெஷினோ எல்லாரையும் அந்த 4,000 பேரில் ஒருவராக நினைக்கச் சொல்கிறது. சுரங்கம் என்றாலே அதிர்ஷ்டம்!

“விளையாட்டுல போய் தொழிலாளியத் தேடறியேடா” என்றான் கூட வந்த நண்பன். சுரங்கத்தைக் காட்டித்தானே காசு கேட்கிறது, அப்புறம் நான் கேட்கக் கூடாதா?

எனக்குத் தெரிந்த தங்கச் சுரங்கம் கோலார். தமிழர்கள் தலைமுறைகளாக இறங்கிய இடம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வெட்டியவர்களுக்குக் கிடைத்தது தங்கம் இல்லை, கூலி. எங்கள் பிரம்மதேசத்துப் பக்கமும் அதே கதைதான். மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் உப்பு வாருகிறவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்று யாரும் சொல்வதில்லை.

மெஷினை அளவுக்கு மீறிக் குலுக்கினால் உள்ளே தொங்கும் குண்டு வளையத்தைத் தொடும். டில்ட். பிளிப்பர் செத்துவிடும், அந்தப் பந்து போச்சு. குலுக்கியவனுக்கே தண்டனை. நியாயம்தான். கோலாரில் ஆழம் போகப் போக, அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தது. எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்தவர்கள் மேலே இருந்தார்கள். உப்பளத்தில் காலம் தப்பிய ஒரு மழை விளைந்த உப்பைக் கரைத்துவிடும். “மழ வந்துட்டா வேலயும் இல்ல, கூலியும் இல்ல” என்பார்கள். குலுக்கியது யாரோ, ஆட்டம் போவது பாத்தியில் நிற்பவர்களுக்கு.

இந்த வித்தியாசத்தைத்தான் ‘கிளாண்டைக்’ மறைக்கிறது. அதன் விதிகள் நேர்மையானவை என்பதாலேயே கதையையும் நம்பிவிடுகிறோம்.

அடுத்த காசைப் போட்டேன். உருளைகள் கடகடவென்று சுழன்று பூஜ்ஜியத்தில் நின்றன. மெஷினுக்கு அது தொடக்கம். 2001இல் மூடப்பட்ட கோலாருக்கு அப்படி இல்லை.