படமும் அதன் அடியில் உள்ள பெயரும்
(தர்ஸ்டன் தொகுதிகள் பற்றி ஒரு மதிப்பீடு)

உலகத்து மக்களின் நடை, உடை, சடங்குகளைப் படத்தோடு காட்டும் பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜோகுபாளையத்திலிருந்து சர்ச் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோடு பழைய புத்தகக் கடைகள் அதிக தூரமில்லை. பொறுமை இருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கும் ஏதாவது கிடைக்கும். சேர்த்ததை எப்படிப் படிப்பது என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் இந்த ஆசை மிகப் பழையது. ஆம்ஸ்டர்டாமில் பெர்னார் பிக்கார் என்ற செதுக்கு ஓவியர் உலகத்துச் சமயச் சடங்குகளைப் படமாக்கிய நூல் 1723 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. அவர் இந்தியாவுக்கு வந்தவரே அல்ல. பிறர் எழுதியதையும் வரைந்ததையும் வைத்தே நம் வழிபாட்டையும் வரைந்துவிட்டார்.

நம் தென்னாட்டுக்கு வந்தால், முதலில் நிற்பது எட்கர் தர்ஸ்டன் நூல். 1885 முதல் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்தவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். ஆங்கில அகரவரிசையில் அமைந்தவை, நிறையப் புகைப்படங்கள் கொண்டவை. தமிழ்ப் பல்கலைக்கழகம் இதைத் தமிழிலும் கொண்டுவந்திருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, உழைப்பு பெரிய உழைப்பு. கல்யாண முறை, ஈமச்சடங்கு, பழமொழி, ஒவ்வொரு சாதியும் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை என்று எத்தனையோ சேதிகள். எங்கள் சமணர் பகுதி இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. செஞ்சி மன்னனின் கோபத்துக்கு அஞ்சித் திருநீறு பூசிக்கொண்ட சமணர் கதையைத் திண்டிவனம் பக்கத்து நயினார்மார் வாய்வழியாகச் சொல்லி வந்தார்கள். அப்படிப்பட்ட கதைகள் அச்சில் ஏறி நின்றதற்கு இத்தகைய நூல்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் படங்களைப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் அடியில் சாதிப் பெயர் மட்டும் இருக்கும். நிற்கிற ஆள் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று இருக்காது. தர்ஸ்டன் மூக்கின் நீள அகலத்தை அளந்து மனிதரை வகைப்படுத்தியவர். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் சிலரைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். இதை அவரே முன்னுரையில் வேடிக்கையாக எழுதுகிறார். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. பேர் இல்லாமல், மாதிரிச் சரக்காக நிற்க வைப்பதைத்தானே அந்தப் பெண்கள் பயந்தார்கள்?

இது தர்ஸ்டன் ஒருவரின் குறை அல்ல. 1868-க்கும் 1875-க்கும் இடையே லண்டனில் எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்ற புகைப்பட நூல் வந்தது. சர் சையத் அகமது கான் 1869-இல் அதை இந்தியா ஆபீஸில் பார்த்தார். அங்கிருந்த ஆங்கில இளைஞர் ஒருவர் அவர் மகனிடம், நீங்களும் இந்தியரா என்று கேட்டபோது மகன் முகம் சிவந்து போனான் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். படம் பொய் சொல்லவில்லை, பக்கத்தில் எழுதிய எழுத்துதான் மனிதரைக் குறுக்கியது.

இவற்றோடு ஒப்பிட இன்னொன்று உண்டு. 1837-இல் மதுரையில் தயாரான ஓவியத் தொகுப்பு அது. அமெரிக்கப் பாதிரியார் டேனியல் பூர் அன்பளிப்பாகத் தந்தது, இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 72 வண்ணப் படங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கிறது. இதிலும் ஆள் பெயர் இல்லை, குலப் பெயர்தான். ஆனாலும் சேலைக்கட்டு, காதணி, கழுத்து நகை எல்லாம் அன்றைய மதுரைக்குச் சாட்சி.

வியாபாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டை மேல் ஒட்டிய சீட்டை நம்பி விலை பேசமாட்டான், சரக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பான். இந்த நூல்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். உடை, நகை, கருவி, வீடு ஆகியவை சரக்கு. “இவர்கள் இப்படிப்பட்டவர்கள்” என்ற வாசகம் சீட்டு. அதை எழுதியவர் யார், யாரிடம் கேட்டு எழுதினார் என்று விசாரிக்காமல் ஏற்கக்கூடாது.

அதற்காகச் சீட்டைக் கிழித்து எறியவும் கூடாது. பழைய நூல்களைப் பிரித்து, படத்தாளை மட்டும் சட்டம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். கூடத்தில் மாட்ட அழகாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்தைப் பிரித்த பிறகு, அந்த மனிதருக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதற்கான சாட்சியமும் போய்விடும். தனித்தாளை வாங்காதீர்கள். முழு நூல் எட்டாத விலை என்றால் மறுபதிப்பு போதும்.

ஊரைவிட்டு வந்த நம் வீடுகளிலும் தாத்தா பாட்டி படங்கள் பெட்டியில் கிடக்கின்றன. இன்னார், இன்ன ஊர், இன்ன வருஷம் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தலைமுறை கழித்து நம் வீட்டுப் படமும் பேர் தெரியாத ‘தமிழர், பெங்களூர்’ என்றுதான் யார் கையிலோ நிற்கும்.