ஒரே வீட்டுச் சாட்சிகள்

மாலை ஐந்தரை மணிக்குச் செபராங் ஜெயாவின் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, பிறைத் தொழிற்சாலைகளிலிருந்து திரும்பும் மோட்டார் சைக்கிள்களும், பினாங்குப் பாலத்தைக் கடந்துவரும் கார்களும் ஒன்றையொன்று நெருக்கிச் செல்வதைப் பார்ப்பவருக்கு, வாகனங்கள் தமக்குள் செய்தி பரிமாறி, நெரிசலையும் விபத்தையும் பின்னர் எவரும் திருத்த முடியாத பிளாக்செயின் ஏட்டில் பதியவேண்டும் என்ற எண்ணம் வீண் கற்பனையாகத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. என் ஆட்சேபம், எதைப் பதிவது என்று எல்லோரும் உடன்படும் கருத்தொருமிப்பை அந்த ஏட்டில் விரைவுபடுத்திவிட்டதாக வரிசையாக வெளிவரும் ஆராய்ச்சிகளைப் பற்றியது. அண்மையில் மாமாக் கடை ஒன்றில், தே தாரேக் ஆறிப்போகும்வரை அவற்றுக்காக என்னிடம் வாதாடிய இளம் பொறியாளருக்கு நான் சொன்ன மறுமொழி இது.

வேகம் அவசியமே. பிட்காயினில் ஒரு தொகுதி சேர ஏறத்தாழ 10 நிமிடமாகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் அதற்குள் 15 கிலோமீட்டர் சென்றுவிடும். பினாங்குப் பாலத்தின் நீளமே 13.5 கிலோமீட்டர்தான். ஆகவே ஆராய்ச்சியாளர்கள், 1999இல் கணினி அறிஞர்களான காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் வகுத்த வாக்கெடுப்பு முறையை நாடியது நியாயம். அதில் ஒவ்வொருவரும் எல்லோருக்கும் செய்தி அனுப்புவதால், 100 வாகனங்களுக்கு ஒரு சுற்றில் ஏறத்தாழ 10,000 செய்திகள் தேவை; பத்துப் பத்தாகப் பிரித்து, குழுத் தலைவர்களை மட்டும் மறுபடி பேசவைத்தால் 1,100 போதும். சிக்கனம் மெய்யானது.

ஆனால் அந்தக் கணக்கு நிற்கும் ஆதாரம் எது? வாக்களிப்போரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவானவரே, அதாவது 100 பேரில் 33 பேர் வரையே, கெட்டுப்போகலாம் என்பதும், ஒருவர் கெடுவதற்கும் மற்றவர் கெடுவதற்கும் சம்பந்தம் இருக்கலாகாது என்பதுமே. இரண்டாவது நிபந்தனைக்காக வெவ்வேறு மென்பொருளும் வெவ்வேறு கடவுச்சொல்லும் வெவ்வேறு நிர்வாகியும் வேண்டும் என்று அம்முறையை வகுத்தவர்களே எழுதிவைத்தார்கள். இன்றைய சிக்கனக்காரர்களோ, வாகனங்களின் கூட்டத்தை விலக்கி, 'நம்பத்தக்க' சாலையோரக் கருவிகள் சிலவற்றிடம் வாக்கை ஒப்படைத்து, அந்த நிபந்தனையை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள்.

பாலத்தின் மீது அத்தகைய முப்பது கருவிகளை நட்டால், அவற்றை நடப்போவது ஒரே நிறுவனம். பராமரிப்பது அதன் ஒப்பந்தக்காரர். ஒரே சாவியால் இரும்புப் பெட்டிகளைத் திறந்து, ஒரே மடிக்கணினியிலிருந்து ஒரே மென்பொருளை ஏற்றிச் செல்பவர் ஒரே தொழில்நுட்பர். அங்கே முப்பது வாக்குகள் இல்லை. ஒரு வாக்கு முப்பது முறை எண்ணப்படுகிறது. ஒரே உலையில் சோறுண்ணும் ஐவரைப் பஞ்சாயத்தில் அமர்த்திவிட்டு, ஐவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள் என்று ஊர் ஒப்புமா?

வாகனங்களிடமே வாக்கைத் திருப்பித் தந்தாலும் குறை தீராது. நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் பாதிக்கு மேல் பெரோடுவா, புரோட்டோன் என்ற இரண்டு பெயர்களுக்குள் அடங்குபவை. ஒரே அச்சில் வார்த்த இயந்திரங்களில் ஒரு துளை இருந்தால் அது எல்லாவற்றிலும் இருக்கும். அமெரிக்காவில் 2015இல் ஜீப் கார் ஒன்றைத் தொலைவிலிருந்தே இருவர் இயக்கிக் காட்டியபோது, திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை ஏறத்தாழ 14 இலட்சம் வாகனங்கள். மூன்றில் ஒரு பங்கு என்ற கரை ஒரே அலையில் மூழ்கும்.

இதற்கு அந்த இளம் பொறியாளர் நன்மதிப்பெண்களைக் கொண்டுவந்தார்: நெடுநாள் உண்மை சொன்ன கருவிக்கே அதிக வாக்கு. உறங்கிக்கிடக்கும் குறையும் அந்நாட்களிலெல்லாம் மதிப்பெண் சேர்த்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

கருவிகளின் உரிமையாளர் ஒருவரே எனில், அவர் கையொப்பமிட்ட சாதாரண ஏடு போதும். அது மலிவானது, வேகமானது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுப்புடையது. 2022 ஜனவரி 15இல் நெடுஞ்சாலையில் ஜூருவிலிருந்து ஸ்கூடாய் வரை ஆர்.எப்.ஐ.டி. சாலைக் கட்டண முறை தொடங்கி, சாவடிகளில் வாகனங்கள் தேங்கியபோது, யாரைக் கேட்பது என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த ஒரு வசதியையும் கருத்தொருமிப்பின் பெயரால் நாம் இழக்கலாகாது. இனி இத்துறையில் எழுதுவோர், எத்தனை நொடி மிச்சமாயிற்று என்று காட்டும் அட்டவணையிலேயே, வாக்களித்த கருவிகளுக்கு எத்தனை உரிமையாளர், எத்தனை மென்பொருள் என்று ஒரு வரி சேர்க்கும்படி வேண்டுகிறேன்.