இல்லாததற்கு ஓர் இடம்

கொடிகாமத்து விலாசங்கள் பலவற்றில் வீட்டு இலக்கம் இருப்பதில்லை. பெயர், கச்சாய் அல்லது வரணி, கொடிகாமம். தபால்காரருக்கு அவ்வளவு போதும். அதே விலாசத்தை வாங்கிக்கொள்ளும் கணினி நிரல் அந்த இலக்கமின்மையை எப்படி எழுதிவைக்கிறது என்பதில்தான் நிரல்மொழியின் கைத்திறன் தெரியும். இலக்கம் இல்லை என்பதும் ஒரு தகவல்தானே. நெடுங்காலம் அதைச் சொல்லப் பெரும்பாலான மொழிகளிடம் தனி இடம் இருக்கவில்லை. 1965-இல் அல்கோல் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது டோனி ஹோர், ஒரு தகவல் இருக்கும் இடத்தைக் காட்டும் எந்தச் சுட்டியும் எதையும் சுட்டாமல் இருக்கலாம் என்று அனுமதித்தார். செய்வது அத்தனை சுலபமாக இருந்ததாம். 2009-இல் அதையே தமது நூறு கோடி டாலர் தவறு என்றார். இருக்கிறதா இல்லையா என்று கேட்காமலே கைவைக்கும் நிரல் ஓட்டத்தின் நடுவில் விழுந்துவிடுகிறது. கேட்கும்படி மொழியும் வற்புறுத்தவில்லை.

ஹோர் 1934-இல் கொழும்பில் பிறந்தவர். அதே இலங்கையைச் சேர்ந்த சஞ்சீவ வீரவரண தொடக்கிவைத்து, ஜேம்ஸ் கிளார்க் இலக்கணம் வகுத்து, 2019-இல் முதல் பதிப்புக் கண்ட பாலரினா மொழி அந்தக் குறையைத் தீர்க்கும் விதம் ரசிக்கத்தக்கது. அங்கே வெறுமையின் வடிவம் இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. எழுத்துச்சரம் என்று வகைப்பெயரை மட்டும் எழுதினால் அந்த இடம் வெறுமையாக இருக்கவே முடியாது. பின்னால் ஒரு கேள்விக்குறி இட்டால், ‘எழுத்துச்சரம் அல்லது வெறுமை’ என்று பொருள். அதன்பின் கம்பைலர் விடாது: இரண்டையும் எதிர்கொண்ட பிறகே மேலே போகலாம். எழுத்துச்சரம்தான் என்று ஒருமுறை சோதித்துவிட்டால், அந்தக் கிளைக்குள் சந்தேகம் தானாக நீங்கிவிடும். வெறுமையைக் கேள்விக்குறியால் பிரிப்பதை ஸ்விஃப்ட், கோட்லின் மொழிகளும் முன்பே செய்தவைதான். சி ஷார்ப் மொழி 2019-இல், தடுக்காமல் எச்சரிக்கை தருவதோடு நின்றுகொண்டது. பழைய நிரல்களைக் காப்பாற்றும் அவசியம் புரிகிறது, ஆனாலும் அரைமனதுதான். பாலரினாவின் அழகு சிக்கனத்தில் இருக்கிறது. வெறுமைக்கென்று தனிப்பொறி எதுவும் இல்லை. பிழையும் ஒரு மதிப்பு, வெறுமையும் ஒரு மதிப்பு. இரண்டும் மற்ற வகைகளோடு ஒரே ‘அல்லது’வால் இணைகின்றன.

இந்த ஒழுங்கை விதிநூலே தந்துவிடும், மொழியை ஏன் மாற்றவேண்டும் என்பார்கள். அவர்களிடம் வலுவான சான்று உண்டு. வாகனத் தொழில் 1998 முதல் மிஸ்ரா விதிகளைக் கொண்டு சி மொழியைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. விதியை மீற வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் பதியவேண்டும். மரியாதைக்குரிய மரபு. ஆயினும் விதிநூல் மொழிக்கு வெளியே நிற்கிறது. சோதனைக்கருவியும் ஆய்வாளரும் அயர்ந்தால் பிழை நுழையும். வகையிலேயே பதிந்த கட்டுப்பாடு அயர்வதில்லை. இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: கம்பைலரின் வாயை அடைக்க, இல்லாத வீட்டு இலக்கத்துக்குப் பூச்சியம் என்று நிரப்பிவிட்டால்? நிரல் விழாது, ஆனால் விலாசம் பொய். இதை எந்த வகையமைப்பும் தடுக்காது. இங்கே மனிதக் கண்ணும் அதைக் கட்டாயப்படுத்தும் தரநியமமும் வேண்டும். வெறுமைச் சுட்டியில் கைவைக்கத் தன் பாதுகாப்பான பகுதிக்குள் அனுமதிக்காத ரஸ்ட் மொழியும் அந்தத் தேவையிலிருந்து தப்பவில்லை. அதன் ஃபெரோசீன் கம்பைலர், வாகனப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262-இன்படி 2023-இல்தான் தகுதிச் சான்று பெற்றது.